இரண்டு ஒயர்... ஒரு கிதார்!

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும். நடுவில் ஒருத்தன் வந்து "கிதார் ஒயரிங்" என்று ஆரம்பித்தால் பக்கத்தைப் புரட்டத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலாண்டில் நாம் நெட்டுரு போட்ட சீரிஸ், பேரலல் இணைப்புகள் ஒரு மனிதரின் பிழைப்பையும், என் அப்பாவின் வாக்கையும் காப்பாற்றிய கதை இது.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மைக்செட் கடையில் வேலை பார்க்கிறார். பாக்ஸ் தூக்குவார், ஒயர் இழுப்பார். அவர் போகும் கச்சேரிகளில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருக்காரர். திருவிழா சீசனில் அவர் கிதார் திடீரென்று பழுதாகிவிட்டது. மறுநாள் விட்டு மறுநாள் கச்சேரி. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சொல்லிவிட்டார்: "எம் பையன் கரண்டுக்குத்தான படிக்கிறான், அவன் பாப்பான். கவலைய விடுங்க."

எனக்கோ அடிவயிறு கலங்கியது. அந்தக் கிதாரின் விலை அப்பாவின் பல மாதச் சம்பளம்!

பிக்கப் என்பது என்ன?

கிதார் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் நீளமான பட்டைதான் பிக்கப். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி போன்ற தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தாரே, அதே தத்துவம்தான்.

அண்ணனின் கிதார் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலில் செய்தது. அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. அதில் மூன்று பிக்கப், ஆனால் சுவிட்சில் மூன்றே நிலை. ஒரு நேரத்தில் ஒரு பிக்கப்தான் வேலை செய்யும். வாசிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் செருகி நிறுத்தி, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்க வைத்தார்கள். அந்தக் குரல் பலருக்கும் பிடித்துப் போனது. 1977இல் கம்பெனியே ஐந்து நிலை சுவிட்ச் போட்டுக் கொடுத்தது. இதில் 1, 3, 5 தனிப் பிக்கப். 2, 4 பக்கத்துப் பிக்கப்புகளின் பேரலல் ஜோடி.

பழுதும், என் தப்பும்

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜ் பிக்கப் 6.1 கிலோ ஓம். நெக் பிக்கப்பும் ஏறக்குறைய அதே. நடு பிக்கப்பில் முள் அசையவே இல்லை, ஓப்பன் சர்க்யூட்! உடைந்துபோன வேறொரு கிதாரிலிருந்து ஒரு பிக்கப் கொடுத்தார் அண்ணன். அது 5.8 கிலோ ஓம். பழையது எங்கே இருந்ததோ அங்கேயே பற்ற வைத்தேன். இரண்டாம் நிலையில் அளந்தால் சுமார் 3 கிலோ ஓம். ஃபார்முலா போட்டுப் பார்த்தாலும் அதே விடை. "முடிஞ்சுதுப்பா" என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன்.

ஆம்ப்ளிஃபையரில் சொருகியதும் குட்டு வெளிப்பட்டது. 1, 3, 5 மூன்றும் அருமை. 2, 4 இரண்டிலும் தகர டப்பாவைத் தட்டுவது போல ஒரு சத்தம். வால்யூமும் பாதியாகிவிட்டது. அண்ணன் முகம் சுண்டிப்போனது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசியிருந்தால்கூடத் தேவலை!

எங்கே தவறு?

ராத்திரி தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்து, பேட்டரி படம் போடுவது போல இரண்டு காயிலையும் வரைந்து பிளஸ், மைனஸ் போட்டேன். அப்போதுதான் புரிந்தது: பேஸ்! ஒரு காயில் மேலே போகும் நேரத்தில் இன்னொரு காயில் கீழே போனால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முழுதாக அழிந்தால் சத்தமே வராதே என்று கேட்கலாம். இரண்டு பிக்கப்பும் கம்பியின் வேறு வேறு இடத்தைக் கேட்கின்றன. அடித்தொனி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அதில் பெரும்பகுதி அழிகிறது. மேல் அதிர்வெண்கள் வேறுபடுவதால் மிஞ்சுகின்றன. அதுதான் அந்தத் தகரச் சத்தம்.

மீட்டர் காட்டியது பொய் இல்லை. ரெசிஸ்டன்ஸ் கேட்டேன், ரெசிஸ்டன்ஸ் சொன்னது. திசையை நான் கேட்கவே இல்லையே!

திசையைப் பார்க்க எளிய வழி உண்டு. முள் வைத்த மீட்டரை மிகக் குறைந்த டிசி ரேஞ்சில் பிக்கப்பின் இரு முனைகளில் இணையுங்கள். ஓர் இரும்பு ஸ்குரூடிரைவரை பிக்கப்பின் காந்த முனையில் லேசாகத் தட்டுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். எடுக்கும்போது எதிர்ப்பக்கம் துள்ளும். தட்டும்போது எல்லாப் பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். நான் மாட்டியது மட்டும் எதிர்ப்பக்கம் துள்ளியது!

விடிந்ததும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். நடு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். அவ்வளவுதான். (உலோக மூடி உள்ள பிக்கப்பில் மூடி ஒரு ஒயரோடு சேர்ந்திருக்கும். அதை முதலில் பிரித்து எர்த்தோடு தனியாக இணைக்காமல் ஒயரை மாற்றாதீர்கள். மூடியே இரைச்சலை உள்ளே இழுக்கும்.)

எதிர்பாராத லாபம்

மாலையில் அண்ணன் வாசித்துப் பார்த்தார். சட்டென்று நிறுத்தினார். "தம்பி, ரெண்டுலயும் நாலுலயும் அந்த 'உம்ம்ம்' இரைச்சலையே காணோமே! என்னடா பண்ண?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. "பாக்குறேண்ணே" என்று மட்டும் சொன்னேன். பிறகு சிவில் பிரிவு நண்பனிடம் ஒரு சின்ன திசைகாட்டி கடன் வாங்கிப் பக்கத்தில் காட்டினேன். பழைய இரண்டு பிக்கப்பும் முள்ளின் வட முனையை இழுத்தன. புதியது தென் முனையை இழுத்தது. காந்தமே தலைகீழ்!

விஷயம் இதுதான். கம்பியின் ஓசை காந்தத்தையும் காயிலையும் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் காயிலை மட்டுமே பொறுத்தது. அதற்குக் காந்தம் தேவையில்லை. காந்தமும் தலைகீழ், ஒயரும் தலைகீழ் என்றால் ஓசை கூடும், இரைச்சல் கழியும். கிப்சன் கம்பெனியில் 1955இல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப்பும் இதே கணக்குதான்: ஒரே பிக்கப்பில் இரண்டு காயில். எனக்கு அது அதிர்ஷ்டம். அவருக்கு அது டிசைன்!

இன்னும் என்ன செய்யலாம்?

இரண்டு காயிலை சீரிஸில் போட்டால் சத்தம் கூடும், குரல் தடிக்கும். பேரலலில் போட்டால் குரல் தெளிவாக, மெலிவாக இருக்கும். ஒரு டிபிடிடி சுவிட்ச் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கலாம். இன்னொரு டிபிடிடி சுவிட்ச் போட்டால், நான் தப்பு என்று பயந்த அந்த எதிர் பேஸையும் வேண்டும்போது எடுக்கலாம்.

தப்பை யாராவது வேண்டும் என்று கேட்பார்களா? கேட்டார்கள்! குவீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963இல், தன் 16ஆம் வயதில், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிதார் செய்ய ஆரம்பித்தார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்து, பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். மூன்று பிக்கப்பையும் சீரிஸில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச், ஒரு பேஸ் சுவிட்ச், ஆக ஆறு சுவிட்ச் வைத்தார். அந்தத் தகரக் குரலும் அவருக்கு ஒரு வண்ணம்.

செய்ய நினைப்பவர்களுக்கு மூன்றே வார்த்தை. ஒயரை வெட்டுமுன் படம் வரையுங்கள். ரெசிஸ்டன்ஸோடு திசையையும் அளந்து பாருங்கள். பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் ஒயரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கச்சேரி அன்று நான் மேடைக்குப் பின்னால் அப்பாவோடு பாக்ஸ் மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இரண்டாம் நிலைக்குச் சுவிட்சைத் தள்ளினார். இரைச்சல் இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "அந்த ரெண்டு ஒயர் வெவகாரத்த எனக்கும் ஒருவாட்டி சொல்லிக் குடுடா."

செமஸ்டர் மார்க் ஷீட்டைக் காட்டியபோதுகூட அவர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை, நண்பர்களே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நோட்டை விரித்து, பிளஸ், மைனஸிலிருந்து ஆரம்பித்தோம்.