மண்ணில் மக்கும் காகிதமும் பதிமுகச் சிவப்பும்

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கேரள மரபுச் சுவரோவியத்தில் சிவப்பும் மஞ்சளும் காவிக்கல்லிலிருந்து வரும். பச்சை வேண்டுமென்றால் நீலஅமரிச் சாற்றோடு எரவிக்கரை என்னும் மரப்பிசினைக் கலப்பார்கள். கருப்புக்கு எண்ணெய் விளக்கின் கரி. வண்ணம் சுவரில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கவேண்டும் என்பதே ஓவியனின் கவலை. அதுபோன்ற செடிகொடிச் சாயங்களை இப்போது நேரெதிரான ஒரு வேலைக்கும் கேட்கிறார்கள்: அடக்கத்துக்குப் பிறகு மண்ணோடு மண்ணாகப் போக.

1993இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் ‘இயற்கை அடக்கம்’ தொடங்கியது. பதப்படுத்தும் ரசாயனம் கூடாது. பெட்டி மூங்கிலாகவோ பிரம்பாகவோ தடித்த காகிதமாகவோ இருக்கலாம், மக்கினால் போதும். குமரி மாவட்டத்துக்கு இது புதுச் செய்தியா என்ன? அய்யாவழி மக்கள் உடலை வடக்கு நோக்கி அமர்ந்த நிலையில் பெட்டியில்லாமல் அடக்கம் செய்பவர்கள். ஆனால் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள மாவட்டம் இது. சவப்பெட்டி இங்கே அன்றாடத் தேவை. வார்னிஷும் பசையிட்ட பிளைவுட்டும் உள்ளே பாலியெஸ்டர் உறையுமாக அது குழிக்குள் போனால், மக்குவதற்கு நெடுங்காலம் பிடிக்கும்.

அதற்கு மாற்றாகும் காகிதத்துக்கான மூலப்பொருளுக்கு வெகுதூரம் போகவேண்டாம். மட்டியோ ஏத்தனோ செவ்வாழையோ, குலை வெட்டியதும் தோட்டத்தில் விழுந்துகிடக்கும் வாழைத்தடையே போதும். தடையை நறுக்கிக் காரநீரில் வேகவைத்தால் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் கரைந்துவிடும். சலவைச் சோடா போடலாம். சாம்பல்நீரும் ஆகும், வாழைச் சாம்பலிலேயே பொட்டாசியம் மிகுதி. பிறகு நன்றாகக் கழுவி, இடித்துக் கூழாக்கி, தொட்டி நீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளுவார்கள். நீர் வடிய, சட்டத்தில் தங்கிய நாரைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்தினால் காகிதம்.

இதில் பசை எங்கே? தேவையில்லை. நீர் வற்றும்போது செல்லுலோஸ் நார்கள் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடி ஈரத்துக்கு முன்னால் நிற்காது. மண்ணின் நீர் ஊறியதும் காகிதம் தளர, பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நாரைத் தின்னத் தொடங்கும். இதே தளர்ச்சி அடக்கத்துக்கு முன்பே வந்துவிட்டால் வினை. ஐப்பசி மழையில் நனைந்த காகிதப் பெட்டி உடலின் எடையைத் தாங்காது. அதனால் பாரத்தை மூங்கில் சட்டமும் கயிறும் ஏற்பதே புத்தி. காகிதம் மேலே போர்த்தினால் போதும். நம்முடைய பழைய பாடை கட்டுபவர்களுக்கு இது தெரிந்த வேலைதான்.

நிறத்துக்குப் பதிமுகம். இப்பக்கத்து வீடுகளிலும் கேரளத்திலும் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் அதே கட்டைதான். மரத்தின் வைரத்திலுள்ள ‘பிரேசிலின்’ என்னும் பொருள் காற்றுப்பட்டுச் சிவக்கிறது. எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் பக்கம் சாயும், சுண்ணாம்பு சேர்த்தால் கருஞ்சிவப்பாகும். செல்லுலோஸ் இந்தச் சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்வதில்லை. அதற்காகக் கடுக்காய் ஊறிய நீரில் முதலில் நனைத்து, பிறகு படிகாரக் கரைசலில் முக்குவார்கள். கடுக்காயின் டானினும் படிகாரத்தின் அலுமினியமும் சேர்ந்து சாயத்தை நாரோடு கட்டிப்போடும். கடுக்காயோடு இரும்புநீர் சேர்ந்தால் சாம்பலும் கருப்பும் வரும். குரோமிய உப்பும் நிறத்தைப் பிடிக்கவைக்கும்தான். ஆனால் அதன் நஞ்சு மண்ணுக்குள் போகும் என்பதால் இங்கே அதை நெருங்கவே கூடாது.

தேர்ந்த சாயக்காரர்கள் மஞ்சள்கிழங்குச் சாயத்தை அவ்வளவாக மதிப்பதில்லை, வெயில் பட்டால் வெளுத்துவிடுமே! படிகாரம்கூட அதை முழுக்கக் காப்பாற்றாது. காலையில் தோய்த்து நிழலில் உலர்த்திய மஞ்சள் தாள் மாலை அடக்கம்வரை நிறம் மாறாமல் இருந்தால் போதும், இந்த வேலைக்கு அதற்குமேல் எதற்கு? குழிக்குள் வெயில் ஏது?