எம்.ஜி. வண்டிக்குக் கண் வைத்தியம்

கோலார் தங்கவயல் பக்கம் பூதிகோட்டை என்றால் ஹைதர் அலி பிறந்த ஊர் என்று அன்பர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பேட்டரி இவற்றோடு 38 ஆண்டுகள் காலம் தள்ளிவிட்டு, ஓய்வுக்குப் பின் அந்த ஊரில்தான் ஒரு துண்டு நிலமும் ஓட்டு வீடுமாக ஒதுங்கியிருக்கிறேன். ராகியும் தக்காளியும் விளையும் அமைதியான இடம். அந்த அமைதியைக் கெடுக்க பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறை என் தங்கை மகன் வருவான். வருவது ஒரு பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில்.

எம்.ஜி. என்றதும், "எம்.ஜி.ஆர். ஓட்டின வண்டியா சார்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். தங்கவயல்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இந்த எம்.ஜி. இங்கிலாந்தின் மாரிஸ் கராஜஸ். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான இரண்டு இருக்கை வண்டி. எங்களுடையது 1965-ஆம் ஆண்டு மாடல். பகலில் பார்க்க அழகு. இரவில்தான் வினை.

முதல் தடவை பங்காருபேட்டையிலிருந்து இரவு எட்டரை மணிக்கு அவனோடு கிளம்பினேன். விளக்கு போட்டும் சாலையில் மஞ்சளாக ஏதோ விழுந்தது, அவ்வளவே. ஒரு வளைவில் ராகித் தாள் ஏற்றிய மாட்டு வண்டி, பின்னால் ஒரு சிவப்புத் துண்டுகூட இல்லாமல் நின்றிருந்தது. ஒரு சாண் இடைவெளியில் தப்பினோம்.

அடுத்த மாதம் வந்தபோது பையன் முகத்தில் பெருமை. "மாமா, எல்.இ.டி. பல்பு போட்டுட்டேன். இப்ப பாருங்க, பட்டப்பகல்!" என்றான். உண்மைதான், மரங்களின் உச்சிகூடத் தெரிந்தது. ஏரிக்கரை திருப்பத்தில் எதிரே ஒரு மொபெட். ஓட்டியவர் கையைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். மறுகணம் வண்டியோடு புதருக்குள் இறங்கிவிட்டார். பின்னால் இருந்த அம்மாவுக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு. ஓடிப்போய்த் தூக்கிவிட்டோம். அவர் திட்டவில்லை. "கண்ணே தெரியல சார்" என்றார், அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தகப்பனார் சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். தலையில் விளக்கு மாட்டியவர்கள் எதிரில் நிற்பவரிடம் பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்கள், அவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கக்கூடாது என்று. அப்பா வீட்டில் சோறு சாப்பிடும்போதும் அப்படியே பக்கவாட்டில் பார்த்துத்தான் பேசுவார். மொபெட்காரர் கையைத் தூக்கியது என் கண்ணுக்குள் நின்றபோது அப்பாவின் அந்த முகமும் கூடவே வந்தது. காலையில் பையனிடம், "சாவியைக் கொடு, வண்டி ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

முதலில் எல்.இ.டி. பல்பைக் கழற்றினேன். பல்பு கெட்டதல்ல, இடம்தான் பொருந்தவில்லை. எச்4 ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிப் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம்போல் ஒரு தகடு இருக்கும். அது வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் மறித்து, பிரதிபலிப்பானின் மேல்பாதியில் மட்டும் விழச் செய்கிறது. அங்கிருந்து அது சாலையை நோக்கி இறங்குகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கணக்கு குலைந்துவிடும். அந்தக் கூட்டுக்குள் மலிவான எல்.இ.டி.யைச் செருகினால், சில்லுகள் இழையின் இடத்தில் சரியாக அமைவதில்லை. வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். ஓட்டுபவருக்குப் பிரகாசமாகத்தான் தெரியும், எதிரில் வருபவர் குருடாவார். எல்.இ.டி.க்கென்றே கண்ணாடியோடு சேர்த்து வடிவமைத்த முழு விளக்கு என்றால் அது வேறு விஷயம். (லாரிக்காரர்கள் முன்பெல்லாம் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்பு பெயிண்ட் அடிப்பார்களே, எச்4 விளக்கில் அப்படிச் செய்தால் டிப்பையே மறைத்துக்கொள்கிறோம்.)

அப்படியானால் பழைய விளக்கு ஏன் மங்கலாக இருந்தது? இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சொலினாய்டு முனையில் என்ஜின் ஓடும்போது 13.6 வோல்ட். அதே நேரம் பல்பின் முனைகளில் அளந்தால் 11.1. நடுவில் இரண்டரை வோல்ட்டைத் தின்றது யார்? ஒயரும், சுவிட்சும், துருவும். பிளஸ் பக்கத்தில் 1.8, எர்த் பக்கத்தில் 0.7.

இந்தக் கார்களில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும் டிப் சுவிட்ச் வழியாகவும் சுற்றிக்கொண்டுதான் போகிறது. நடுவில் ரிலே கிடையாது. இரண்டு 55 வாட் பல்பு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். வழியில் மொத்தம் 0.2 ஓம் தடை இருந்தால் போதும், 1.8 வோல்ட் காணாமல் போய்விடும். இழை பல்பின் வெளிச்சமோ வோல்ட் குறைவதைவிட வெகுவேகமாகக் குறையும். ஏறத்தாழ மூன்றரை மடி. 13.2 வோல்ட்டில் கிடைப்பதில் 11.1 வோல்ட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இந்தக் கார்களின் மின்சாமான் செய்த லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்று வெள்ளைக்காரர்களே கேலி செய்வதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அறுபது வருஷம் ஆன செம்பும் பித்தளையும் பச்சை பூத்தால் செய்தவர் என்ன செய்வார்?

தங்கவயல்காரர்களுக்கு இது புதுக் கதையும் அல்ல. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள்; பெங்களூருக்கு வந்தது 1905-இல்தான். வழியில் கம்பி தின்பதைக் குறைக்க வோல்ட்டை ஏற்றி அனுப்பினார்கள். காரில் அது முடியாது. ஆகவே பாதையைக் குறுக்கினேன்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் 30 ஆம்பியர் ரிலே இரண்டு, தடித்த ஒயர், நான்கு பியூஸ், எச்4 பல்புக்கு ஏற்ற 7 அங்குல விளக்கு இரண்டு வாங்கினோம். அம்பாசடருக்கும் பழைய ஜீப்புக்கும் அதே 7 அங்குலம்தான், ஆகவே அலையவில்லை. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான கண்ணாடிதானா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஐரோப்பாவுக்கானதை மாட்டினால் டிப் வெளிச்சம் வலப்பக்கம் எகிறி, எதிரே வருபவர் முகத்திலேயே அடிக்கும்.

சொலினாய்டின் பழுப்பு ஒயர் முனையிலிருந்து ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு நேர் இணைப்பு. 87-இலிருந்து பியூஸ் வழியாக விளக்குக்கு. பழைய நீல-வெள்ளை ஒயரும் நீல-சிவப்பு ஒயரும் இனி ரிலேயை இழுக்க மட்டும்தான், அதற்கு கால் ஆம்பியர்கூட வேண்டாம். இடது வலது விளக்குகளுக்குத் தனித்தனி பியூஸ் போட்டேன். ஒன்று போனால் மற்றது எரிய வேண்டும். எர்த்துக்குப் புது ஒயர் இழுத்து, பெயிண்டைச் சுரண்டிய இரும்பில் முறுக்கினேன். 1965 வண்டி பிளஸ் எர்த்தாக வந்திருக்க வேண்டும். யாரோ முன்பே மைனஸ் எர்த்துக்கு மாற்றியிருந்தார்கள். சாதாரண பல்புக்கும் ரிலேக்கும் எது எர்த் என்ற கவலை இல்லை.

அளந்தேன். பல்பில் 13.2 வோல்ட்.

"100 வாட் பல்பு போட்டுடலாமே மாமா?" என்றான். டைனமோ தருவதே அதிகபட்சம் 22 ஆம்பியர். இரண்டு 100 வாட் பல்புக்கு 16-க்கு மேல் போய்விட்டால், இக்னிஷனுக்கும் பின்விளக்குக்கும் வைப்பருக்கும் என்ன மிச்சம்? 60/55-ஏ போதும் என்றேன்.

கடைசி வேலை குறி பார்ப்பது. வீட்டுச் சுவரிலிருந்து 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்று சரிபார்த்து, பையனை உள்ளே உட்காரவைத்து, விளக்கு மையத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே டிப்பின் விளிம்பு விழும்படி திருகினேன். விளக்கு தரையிலிருந்து 64 சென்டிமீட்டர் உயரம். ஆக அந்த வெளிச்சம் 64 மீட்டரில் தரையைத் தொடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுதாரித்து நிற்க 50 மீட்டர் போதும். 80-இல் 70 மீட்டரைத் தாண்டும். "டிப் போட்டுக்கிட்டு 80-ல போனா, பார்த்தப்புறம் நிக்க முடியாது" என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பையன் கணக்கைத் திரும்பவும் தானே போட்டுப் பார்த்தான்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்கிறது. என் துணைவியாரின் கண் மட்டம் ஏறத்தாழ அதுதான். 8 மீட்டர் அளந்து நிறுத்தினேன். "எரியுது, ஆனா உங்க மூஞ்சி தெரியுது" என்றார். அது போதும்.

மறுவாரம் மொபெட்காரர் வீட்டைத் தேடிப் போனோம். அந்த அம்மாவின் முழங்கால் ஆறியிருந்தது. இருட்டிய பிறகு அவரையே ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு எதிரே ஓட்டி வந்தோம். அவர் கையைத் தூக்கவில்லை. கிட்டே வந்ததும் குனிந்து விளக்கைத் தடவிப் பார்த்து, "என் வண்டிக்கும் இந்த ரிலே போட முடியுமா சார்?" என்றார். சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.