அண்டை வீட்டாரும் ஊரின் அமைதியும்

எங்கேனும் களவும் அடிதடியும் மிகுந்துவிட்டால், போலீஸாரின் தொகையைக் கூட்ட வேண்டுமென்ற கோரிக்கையே முதலில் எழுகிறது. போலீஸார் வேண்டாமென்று யாரும் சொல்லார். ஆயினும், ஒரு தெருவின் அமைதிக்கு அவர்கள் மட்டுமே காரணமா என்பது ஆலோசிக்கத்தக்க விஷயம்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் நடந்த ஆராய்ச்சியொன்று இவ்விஷயத்தில் நேயர்களின் கவனத்துக்குரியது. ராபர்ட் சாம்ப்ஸன், ஸ்டீபன் ராடன்புஷ், பெல்டன் ஏர்ல்ஸ் என்ற மூவர், 1995-ம் வருஷத்தில் அந்நகரின் 343 பகுதிகளில் வசித்த 8,782 பேரிடம் சேகரித்த விவரங்களை ஆராய்ந்து, 1997-ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் தெருமுனையில் திரிந்தால் அண்டை வீட்டார் தலையிடுவார்களா? வாசலில் சண்டை மூண்டால் விலக்க வருவார்களா? அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு ஆபத்து வந்தால் ஒன்றுகூடுவார்களா? இங்குள்ளவர்களை நம்பலாமா?

ஆம் என்ற பதில் மிகுந்த பகுதிகளில் கொலையும் கொடுஞ்செயலும் குறைந்திருந்தன. குற்றம் மலிந்த இடத்தில் ஜனங்கள் அஞ்சி ஒதுங்குவது இயல்புதானே என்று கேட்கலாம். முன்னாளைய குற்றங்களின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்த பின்னரும் இம்முடிவு மாறவில்லை. ஏழைகள் நெருங்கி வாழுமிடத்தில் குற்றம் மிகுமென்பது பலருடைய துணிபு. வறுமையும் குற்றமும் சேர்ந்து காணப்படுவது மெய்யே. ஆனால் அச்சேர்க்கையில் பெரும்பகுதி, பரஸ்பர நம்பிக்கை சிதைவதன் வழியாகவே நேர்கிறதென்று இம்மூவரும் கண்டார்கள்.

இதற்கு அத்தியந்த சிநேகம் வேண்டுவதில்லை. நாம் வாய்திறந்தால் எதிர்வீட்டாரும் நம்மோடு நிற்பார் என்ற எதிர்பார்ப்பே போதுமானது. (திண்ணையில் வம்பளப்போர் நிறைந்த தெருவும் ஒருவகையில் காவலுள்ள தெருவே போலும்!) சங்கங்களின் பயனும் கணக்கிடப்பட்டிருக்கிறது. பாட்ரிக் ஷார்க்கியும் அவர் கூட்டாளிகளும் 2017-ல் 264 அமெரிக்க நகரங்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, லக்ஷம் ஜனங்களுக்கு 10 பொதுநலச் சங்கங்கள் கூடினால் கொலைகள் நூற்றுக்கு 9 வீதம் குறைகின்றன.

சிக்காகோ ஆராய்ச்சியில் மற்றொன்றும் வெளியாயிற்று. குடியிருப்போர் அடிக்கடி மாறுமிடத்தில் இந்நம்பிக்கை வேரூன்றுவதில்லை. நமது சர்க்கார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுவே. சென்னையின் பல இடங்களிலிருந்து குடிசைவாசிகளை அப்புறப்படுத்தி, 2000-ம் வருஷம் முதல் நகரத்தின் தெற்கு எல்லைக்கப்பால் கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். நெடுநாள் பழகிய அயலாரைப் பிரிந்து, முன்பின் அறியாதவரிடையே வசிக்க வேண்டிய நிலைமை பலருக்கு ஏற்பட்டது. ஒருவரையொருவர் அறியாதபடி செய்துவிட்டுப் பின்னர் அவ்விடத்தையே குற்றவாளிகளின் இருப்பிடமென்று பழிப்பது எவ்வாறு நியாயமாகும்? ஒரு குப்பத்தை அகற்றியே தீர வேண்டுமானால், ஒரு தெருவினரை ஒரே கட்டடத்தில் சேர்த்துக் குடியேற்றுவதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. வீடு ஒதுக்கும் ஜாபிதாவைத் தயாரிக்கும் உத்தியோகஸ்தர், ஒவ்வொரு குடும்பமும் எந்தத் தெருவிலிருந்து வந்ததென்பதையும் ஒரு பத்தியில் குறித்துக்கொள்ளலாம்.