விடுதி அறையும் கிருமியின் வழிகளும்

சில ஆண்டுகளுக்கு முன்பு குடும்பத்தோடு இராமேசுவர யாத்திரை சென்றிருந்தபோது, கோயிலுக்குச் சமீபத்தில் இருந்த ஒரு விடுதியில் அறை கேட்டுக் காத்திருந்தேன். எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அறையில் இருந்தவர்கள் அப்போதுதான் காலி செய்துகொண்டு புறப்பட்டிருந்தார்கள். அறையைத் துப்புரவு செய்ய வந்த அம்மாள் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தமையால், எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்த நான் அவர் செய்ததனைத்தையும் காண நேர்ந்தது. தீர்த்தமாடி வந்தவர்களின் ஈரமும் கடல் மணலுமாய்க் கிடந்த தரையைப் பெருக்கினார், குளியலறையைக் கழுவினார், பிறகு, அங்கே குழாயையும் பீங்கான் தொட்டியையும் துடைத்த அதே துணியைப் பிழிந்து, மேஜைமேல் இருந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளின் உட்புறத்தைச் சுழற்றித் துடைத்து, பளபளவென்று கவிழ்த்து வைத்தார்.

"ஏம்மா, குடிக்கிற கிளாசுக்கு வேறே துணி இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு துணிதான் சார் குடுத்திருக்காங்க. பன்னெண்டு மணிக்குள்ள பதினஞ்சு ரூம் முடிக்கணும்" என்றார் அவர்.

அந்தப் பதிலில் கள்ளமில்லை, சோம்பலும் இல்லை. ஆயினும், கழிப்பறையிலிருந்து குடிநீர்க் குவளைக்கு ஒரு வழி அன்று என் கண்ணெதிரே திறந்ததைக் கண்டேன். பிரயாணத்தில் நம்மைப் பற்றும் வியாதிகளைக் குறித்து நான் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம் அந்த ஈரத் துணியிலேயே இருந்தது.

கிருமிக்குக் காலில்லை

நுண்ணுயிர் இல்லாத இடம் இவ்வுலகில் இல்லை. நம்முடைய தோலின் மீதும் குடலினுள்ளும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில நமக்கு உபகாரம் செய்பவை. ஆகவே, விடுதி அறையில் கிருமி உண்டா என்று ஐயுற்று இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடப்பதில் பயனில்லை. நோய் தரும் கிருமி எந்த வழியாக நம் தேகத்தினுள் புகுகிறது என்பதை அறிந்து, அந்த வழியை அடைப்பதே விவேகம்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்த முயன்றவர்களில் முக்கியமானவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில், பிணப் பரிசோதனை செய்துவிட்டு அப்படியே பிரசவ விடுதிக்கு வந்த மருத்துவர்களின் கைகளே தாய்மார்களுக்கு மரணத்தைக் கொண்டு வருகின்றன என்று கண்டு, 1847ஆம் ஆண்டில் குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவும் வழக்கத்தை அவர் புகுத்தினார். பிரசவ ஜுரத்தால் நேர்ந்த சாவுகள் வெகுவாகக் குறைந்தன. கிருமிக் கொள்கை நிலைபெறாத அந்தக் காலத்திலேயே, கிருமி ஏறிவரும் வாகனம் எது என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த வாகனம் கை. விடுதி அறையிலும் பெரும்பான்மையான தொற்றுகளுக்கு அதுவே வாகனம்.

கை தொடும் இடங்கள்

அறைக்குள் நுழைந்ததும் நாம் செய்வதை நினைத்துப் பாருங்கள்: கதவின் பிடியைத் தொடுகிறோம், விளக்கின் சுவிட்சைத் தட்டுகிறோம், கட்டிலில் சாய்ந்து தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கையில் எடுக்கிறோம், உடனே வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்து உண்ணத் தொடங்குகிறோம். நமக்கு முன் தங்கியவரும் இவ்வாறே செய்திருப்பார்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று மாநிலங்களைச் சேர்ந்த 9 விடுதி அறைகளைச் சோதித்து, 2012ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கழிப்பறையிலும் வாஷ்பேசினிலும் பாக்டீரியாக்கள் மிகுந்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் ரிமோட்டும், கட்டிலருகே இருந்த விளக்கின் சுவிட்சும் அவற்றோடு ஒரே வரிசையில் நின்றன. துப்புரவுப் பணியாளரின் வண்டியிலிருந்த பஞ்சும் துடைப்பானும்கூட மிகவும் மாசுற்றிருந்தன. அதனால் ஓர் அறையின் மாசு அடுத்த அறைக்குச் செல்ல ஏதுவுண்டு. ஒன்பதே அறைகளைக் கொண்ட சிறிய ஆய்வாயினும், இராமேசுவரத்தில் நான் கண்ட காட்சிக்கு அது சாட்சி சொல்லுவதுபோல் இருந்தது.

வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் இவ்வகைத் தொற்றுக்குத் தக்க உதாரணம். மிகச் சில துகள்களே உள்ளே சென்றாலும் நோயுண்டாக்கவல்ல இந்த வைரஸ், உலர்ந்த பரப்புகளில் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். நாம் பையில் வைத்துக்கொண்டு நம்பியிருக்கும் சானிடைசருக்கு இது எளிதில் மடிவதில்லை. சோப்பும் ஓடும் நீருமே இதற்குத் தக்க பரிகாரம். ஆகையால், அறைக்குள் வந்தவுடனும், கழிப்பறை சென்று வந்த பின்னும், உணவில் கை வைக்கும் முன்னும், விரலிடுக்குகளும் நகக்கண்களும் விடாமல் 20 வினாடியேனும் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இது மற்றெவரினும் அவசியம். ரிமோட்டையும் சுவிட்சுகளையும் கதவுப் பிடியையும் கிருமிநாசினி நனைத்த தாளால் ஒருமுறை துடைத்துவிடுதல் நலம். விரலை வாயில் வைக்கும் குழந்தை உடனிருந்தால் அந்த வேலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு குழந்தையை இறக்கி விடுங்கள். மேலைக் கழிப்பறையானால் மூடியைக் கவிழ்த்த பிறகே தண்ணீரைத் திறந்து விடுங்கள். இல்லையேல் கண்ணுக்குப் புலனாகாத துளிகள் மேலெழுந்து, அருகில் வைத்த பல் துலக்கியின் மீதும் படியும்.

படுக்கையில் கவனிக்க வேண்டியவை

மூட்டைப்பூச்சியைக் கண்டு அருவருப்படையாதார் இல்லை. அது கடித்த இடம் தடித்து அரிக்கும், உறக்கம் கெடும், சொறிந்து புண்ணானால் அந்தப் புண்ணில் வேறு தொற்று ஏறும். எனினும், அது மனிதருக்கு எந்த வியாதியையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கடத்துவதாக இதுவரை நிரூபணமாகவில்லை என்பதை அஞ்சுகிறவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. இரத்தமில்லாமலும் பல மாதங்கள் உயிர்தாங்கக்கூடியது அது. நம்முடைய பெட்டியின் மடிப்பில் ஒளிந்து வீடுவரை வந்து குடியேறிவிடுவதே அதனால் நேரும் பெருந்தொல்லை.

ஆகவே, பெட்டியைக் கட்டிலின் மீது வைப்பதற்கு முன்னர், கைபேசியின் விளக்கை ஏற்றிக்கொண்டு, விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையலோரத்தையும் கட்டில் தலைமாட்டின் இடுக்குகளையும் பாருங்கள். பேனா மையைத் தெளித்தாற்போன்ற கரும்புள்ளிகளும், உரித்துப் போட்ட மெல்லிய சட்டைகளும் தென்பட்டால், தயக்கமின்றி வேறு அறை கேளுங்கள். ஊர் திரும்பிய பின் துணிகளை நல்ல சுடுநீரில், ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில், துவைத்தெடுத்தால் பூச்சியும் முட்டையும் ஒருங்கே அழியும்.

சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய உண்ணி வேறு வகையைச் சார்ந்தது. பெரும்பாலும் தோலோடு தோல் உரசுவதால் பரவும் அது, மனித உடலை விட்டு நீங்கியபின் இரண்டு மூன்று நாளுக்குமேல் வாழ்வதில்லை. ஆயினும் ஒருவர் படுத்தெழுந்த விரிப்பு மாற்றப்படாமல் அன்றே மற்றவருக்கு விரிக்கப்படுமாயின் அதற்கும் சிறிது இடமுண்டாகிறது. முதன்முறை தொற்றுகிறவர்களுக்கு அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரங்கள்கூட ஆகலாமாகையால், யாத்திரையை மறந்துவிட்ட காலத்தில் இரவில் மிகும் அரிப்பு விரலிடுக்குகளில் கண்டால், மருத்துவரிடம் பிரயாணத்தையும் மறவாமல் சொல்ல வேண்டும். வெளுத்த விரிப்பைக் கேட்டு வாங்குவதில் சங்கோசம் வேண்டுவதில்லை. மேலே போர்த்த வீட்டிலிருந்து ஒரு பருத்திப் போர்வையும் துடைத்துக்கொள்ள ஒரு துண்டும் கொண்டு செல்லும் நம் பாட்டிமார் வழக்கம் இன்றும் கைக்கொள்ளத்தக்கது.

தண்ணீரும் ஈரத் தரையும்

குழாய் நீர் தெளிவாயிருப்பதனாலேயே பருகத் தக்கதென்று கொள்ளலாகாது. மாடித் தொட்டி என்றைக்குக் கழுவப்பட்டது என்பதைத் தெளிவு சொல்லாது. கொதி வந்தபின் ஒரு நிமிஷம் தளதளவென்று கொதித்து ஆறிய நீரையோ, மூடி உடையாத புட்டி நீரையோ பருகுங்கள். பல் துலக்கி வாய் கொப்பளிக்கவும் அதையே கொள்ளுங்கள். அறையில் கவிழ்த்து வைத்த குவளையைச் சோப்பிட்டுக் கழுவி, நல்ல நீரில் அலசிய பிறகே எடுத்தாளுங்கள். ஈரத்தில் படர்தாமரை பரவுமாகையால் குளியலறையில் செருப்பணிவது நல்லது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்கோ, சிறு கீறலும் பெரும் புண்ணாகுமாகையால், அது கட்டாயம்.

நீரைப் பருகாமலே நீரால் நோயுறும் வழியொன்றும் உண்டு. 1976ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரின் ஒரு பெரிய விடுதியில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. அதையொட்டி 182 பேர் கடுமையான நிமோனியாவுக்கு ஆளாகி, 29 பேர் மாண்டார்கள். காரணம் விளங்காமல் தேசமே கலங்கியிருக்க, 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் விஞ்ஞானி அந்தப் பாக்டீரியாவை இனங்கண்டார். லெஜியோனெல்லா என்பது அதற்கு இடப்பட்ட பெயர். வெதுவெதுப்பான தேங்கு நீரில் பெருகி, நுண்ணிய நீர்த்திவலைகளில் ஏறி, மூச்சோடு நுரையீரலைச் சேர்வது அதன் இயல்பு. வயது முதிர்ந்தவர்களும் புகைப்பவர்களும் நுரையீரல் நலிந்தவர்களும் அதற்கு எளிதில் இலக்காகிறார்கள். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் ஷவரைத் திறந்துவிட்டு, இரண்டு நிமிஷம் வெளியே நின்று, தேங்கிய நீர் வடிந்த பின்னர் நீராடுவது நமக்கு எளிதான காப்பு. கொதிகலனில் நீரை 60 பாகைக்குக் குறையாமல் வைத்திருப்பது விடுதியாரின் கடமை.

காற்றும் கொசுவும்

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி, சீனத்தின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து நோயோடு வந்த ஒரு மருத்துவர் ஹாங்காங்கில் ஒரு விடுதியின் 9ஆம் மாடியில் தங்கினார். அவர் அங்கே இருந்த மிகச் சிறிது காலத்தில், அவரோடு பேசியும் பழகியும் இராத பிற விருந்தினர்களைச் சார்ஸ் என்னும் சுவாச நோய் பற்றியது. அவர்கள் வழியாக அது ஹனோய், சிங்கப்பூர், டொரான்டோ நகரங்களைச் சென்றடைந்தது. அந்நோய் அடங்குவதற்குள் உலகில் 8,000க்கு மேற்பட்டோர் நோயுற்று 774 பேர் உயிர் துறந்தார்கள். பின்னர் விடுதியைச் சோதித்தவர்கள், அந்த அறை வாசலின் தரைவிரிப்பிலும் மின்தூக்கி அருகிலும் வைரஸின் அடையாளங்களைக் கண்டார்கள். அறைக்குள் எத்தனை ஜாக்கிரதையாயிருந்தாலும், பலர் கூடும் தாழ்வாரமும் மின்தூக்கியும் நம் கவனத்துக்குத் தப்பலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. இருமல் உடையவர்கள் முகக்கவசம் அணிவதும், அறைக்குள் வந்ததும் சன்னலைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுவதும் செலவில்லாத உபாயங்கள்.

சன்னலைத் திறக்கும்போது வலை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையை நாடாமல், வாளியிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கிய நீரில் முட்டையிடுவது, பகலில் கடிப்பது. குளியலறையில் முன்னவர் நிரப்பி வைத்துப்போன வாளி நீரைக் கவிழ்த்துவிடுவதே அதன் வழியை அடைப்பதாகும்.

விருந்தோம்புவோர் கடமை

யாத்திரிகரின் ஆரோக்கியம் தங்குமிடம் அளிப்பவரின் பொறுப்பு என்பது நமக்கு அந்நியமான கருத்தன்று. இராமேசுவரம் செல்லும் பாதையில் சத்திரங்கள் நடத்திய தஞ்சை சரபோஜி மன்னர், 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரத்தில் நோயுறும் வழிப்போக்கருக்கு மருந்தும் பத்திய உணவும் தந்து, குணமாகும்வரை மரியாதையோடு பேணுவதை எடுத்துரைக்கிறார். அந்த மரபில் வந்த நாம், விடுதி நடத்துவோரிடம் கேட்பது மிகவும் சொற்பம். கழிப்பறைக்கு ஒன்றும் குவளைக்கு ஒன்றுமாக, நிறத்தால் வேறுபடுத்திய துணிகள் வேண்டும். ஒவ்வொரு விருந்தினருக்கும் வெளுத்த விரிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துப்புரவு செய்பவருக்குக் கையுறையும் போதிய நேரமும் நியாயமான கூலியும் வேண்டும். மற்றவர்களின் நோய்மாசை நாள்தோறும் முதலில் தொடுவது அவருடைய கை. அந்தக் கையைக் காவாதவர் விருந்தினரைக் காக்க இயலாது.

நாம் விட்டுச்செல்லும் அறை

நமக்கு முன் தங்கியவரைக் குறித்து நாம் கவலைப்படுவதுபோல், நமக்குப் பின் வருகிறவர் நம்மைக் குறித்துக் கவலைப்படுவார். ஆதலால் வாந்தியோ பேதியோ நேர்ந்திருந்தால் மறைக்காமல் விடுதியாரிடம் சொல்லி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவச் செய்யுங்கள். ஈரத் துண்டுகளைக் கட்டிலின் மேல் எறியாமல் ஓரிடத்தில் குவித்து வையுங்கள். உபயோகித்த ஊசியையும் பிளேடையும் குப்பையில் அப்படியே போடாமல் உறைக்குள் இட்டு, பணியாளரிடம் அறிவித்துச் செல்லுங்கள்.

அன்று மாலை நான் விடுதி மேலாளரிடம் கண்டதைச் சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டார். பின்னர்க் கடைத்தெருவுக்குச் சென்று, வெள்ளையிலும் சிவப்பிலுமாகச் சில துணிகள் வாங்கி வந்து அந்த அம்மாளிடம் கொடுத்தேன். விளக்கம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "வெள்ளை கிளாசுக்கு, செவப்பு பாத்ரூமுக்கு. அம்புட்டுத்தானே சார்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் அம்மா என்றேன். மறுநாள் காலை நாங்கள் அறையைக் காலி செய்துகொண்டு புறப்படும்போது, அடுத்த அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார் அவர். சிவப்புத் துணி வாளியின் விளிம்பில் தொங்கிற்று, வெள்ளைத் துணி அவர் தோளில் கிடந்தது.