சிசுக்களிடம் ஆட்டிசத்தின் முன்னறிகுறிகள்

ஏறக்குறைய 6,000 குழந்தைகளில் ஒன்று டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் பிறவிக் கோளாறுடன் பிறக்கிறது. உயிரணுக்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இரு ஜீன்களுள் ஒன்று பழுதுபடுவதே இதன் காரணம். அக்கட்டுப்பாடு தளர்வதால் மூளை, இதயம், சிறுநீரகம், தோல் ஆகியவற்றில் கட்டிகள் உண்டாகின்றன. இக்குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு ஆட்டிசமும் ஏற்படுகிறது.

ஆட்டிசம் பெரும்பாலும் இரண்டு வயதிற்குப் பின்னரே கண்டறியப்படுகிறது. இக்கோளாறோ, இதயக் கட்டிகளைக் கொண்டு சில வேளைகளில் கருவிலேயே தெரிந்துவிடுகிறது. ஆதலால் இச்சிசுக்களைத் தொடக்கத்திலிருந்தே கவனித்துவர முடியும். முகம் பார்த்துச் சிரியாமை, ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பிய பொருளைச் சுட்டிக் காட்டாமை ஆகியவை கருதத்தக்க அறிகுறிகளாம்.

கள ஊழியர்கள் இரண்டைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒன்று, தோலில் இலை வடிவான வெளிறிய திட்டுகள். மற்றொன்று, தலை திடீரென முன்சாய்ந்து கைகள் விரியும் வலிப்பு. இஃது அடுத்தடுத்துப் பலமுறை தோன்றும். இதனை வயிற்றுவலி என்றெண்ணி நாள் கடத்தலாகாது. உடனே மருத்துவரிடம் அனுப்புக. இதற்கு மருந்து உண்டு.

பெற்றோருள் ஒருவருக்கு இக்கோளாறு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. எனவே, தம் மாணவருள் ஒருவருக்கு இது இருப்பதை அறிந்த ஆசிரியர், வீட்டிலுள்ள கைக்குழந்தையையும் பரிசோதிக்குமாறு பெற்றோருக்குச் சொல்லலாம். இது தாயின் வளர்ப்புக் குறையன்று என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தல் நம் கடமையாகும்.