பக்கத்து வயலில் மனைக்கல் நடும் முன்

பூண்டியில் திறந்துவிடும் வெள்ளம் தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் வள்ளூர் அணைக்கட்டையும் தாண்டி எண்ணூர் கழிமுகத்தில் கலக்கிறது. அந்தக் கொசஸ்தலை ஆற்றின் கடைமடைதான் மீஞ்சூர், வள்ளூர், அத்திப்பட்டு வட்டாரம். இங்கே 1,500 மெகாவாட் அனல் மின் நிலையமும், அருகிலே துறைமுகமும் வந்துவிட்டன. வேலைக்கு வருவோருக்கு வீடு வேண்டும். ஆகவே நெல் விளைந்த நிலம் மனையாகிறது.

விற்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பக்கத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துச் சாகுபடி செய்கிறவர் பாடுதான் திண்டாட்டம். மனைக்காக மண் கொட்டி மேடாக்கினால் பாசன நீர் வராது, மழைநீர் வடியாது. நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் இளம் நாற்று அழுகிவிடும். இதைத் தடுக்க விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

நஞ்சை என்றால் போதுமா?

பட்டாவில் 'நஞ்சை' என்று இருப்பதால் அந்த நிலம் என்றும் வயலாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது வருவாய்த் துறையின் கணக்கு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் வேறொரு வகைப்பாடு இருக்கிறது. 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டம், நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று பிரித்திருக்கிறது. நஞ்சைப் பட்டா உள்ள நிலம் அத்திட்டத்தில் தொழில் பகுதியாக இருக்கலாம். எனவே உங்கள் சர்வே எண்ணும், சுற்றியுள்ள எண்களும் எந்த வகையில் உள்ளன என்று முதலில் கேட்டறியுங்கள்.

ஆட்சேபணைக்கு நாள் உண்டு

வேளாண்மைப் பகுதியைக் குடியிருப்பாக மாற்ற, 1971-ம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. நில உரிமையாளர் மனுச் செய்தால், ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் போட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் கண்ட நாளுக்குள் யாரும் ஆட்சேபணை அனுப்பலாம். நாள் தவறி, மனைப்பிரிவுக்கு ஒப்புதலும் கிடைத்த பிறகு ஓடினால் பலன் குறைவு.

"எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வாய்க்கால் எந்த எண்ணில் புறப்பட்டு எந்த எண் வழியாக ஓடுகிறது, எத்தனை ஏக்கர் பாய்கிறது, கடந்த வெள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று எழுதுங்கள். புலப்பட நகலும் புகைப்படமும் இணையுங்கள். பாசனதாரர் எல்லோரும் கையெழுத்திட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வெள்ள நீர் தேங்குமா என்பது குறித்து நீர்வளத்துறையின் கருத்தும் கேட்கப்படுவதால், அத்துறைக்கும் ஒரு நகல் கொடுப்பது நல்லது. ஊராட்சி உள்ள இடங்களில் கிராம சபையிலும் தீர்மானம் போடலாம்.

வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

அரசு வாய்க்காலுக்குத் தனி சர்வே எண் இருக்கும். அதை யாரும் விற்க முடியாது. வயலுக்கு வயல் பாயும் கிளை வாய்க்கால் பெரும்பாலும் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. வரைபடத்தில் அது தெரியாது. மனை போடுகிறவர் முதலில் மூடுவதும் அதைத்தான்.

இதற்கு 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் துணை நிற்கிறது. பிறர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாகத் தண்ணீர் பாய்ச்சி வந்தவருக்கு அந்த வழி உரிமையாகிறது. ஆனால் அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டால் உரிமை பாதிக்கப்படும். ஆகவே அடைத்த உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். வட்டாட்சியருக்கும் மனுக் கொடுங்கள். தேவையானால் வழக்கறிஞர் மூலம் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்.

நிலத்தடி நீரும் கவலைக்குரியது

மீஞ்சூர்ப் பகுதியில் நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் இறைத்ததால், 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே புகுந்தது. இதைக் கட்டுப்படுத்தவே 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. வயலில் தேங்கும் நீர் கீழே இறங்கி, உப்பு நீர் ஏறாமல் தடுக்கிறது. வயல் குறைந்து வீட்டுக்கு வீடு ஆழ்குழாய் வந்தால், மிச்சமுள்ள விவசாயியின் கிணறும் உவர்ப்பாகும். இதையும் ஆட்சேபணையில் குறிப்பிடுங்கள்.

விற்பவர்களுக்கு

கடன், மகள் திருமணம் என்று விற்க வேண்டி வரலாம். அதைக் குறை சொல்ல முடியாது. விற்கும்போது வாய்க்கால் வழியை அளந்து, 'பொதுப் பாசன வழி' என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருவதில் எச்சரிக்கை தேவை. 2016-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது முதல், அங்கீகாரம் இல்லாத புது மனைகளைப் பதிவு செய்ய முடிவதில்லை. ஒப்புதல் கிடைக்காவிட்டால் மீதிப் பணமும் வராது, பயிரும் இராது.

ஐப்பசி மழைக்கு முன் பாசனதாரர்கள் ஒன்றுகூடி வாய்க்காலைத் தலை முதல் கடை வரை நடந்து பார்த்து, சர்வே எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வரும் நாளில் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.