பி.எச். 2.4 என்றால் எவ்வளவு அமிலம்? டோம்பிவிலியில் டைட்ரேஷன் ஏன் இன்னும் தேவை?

டோம்பிவிலி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, லோக்கல் ரயில் கூட்டம். இன்னொன்று, 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் இளஞ்சிவப்பாக மாறிய சாலை. நிறம் கண்ணில் படும், படமும் வைரலாகும். ஆனால் அமிலத்துக்கு நிறம் இருக்க வேண்டிய அவசியமில்லை. அதை அளக்க உதவுவது, ப்ளஸ் டூ பிராக்டிகல் மார்க்குக்காக நீங்கள் செய்துவிட்டு மறந்துபோன டைட்ரேஷன்தான்.

பி.எச். மீட்டர் போதாதா?

பொது விதிப்படி, வெளியேறும் கழிவுநீரின் பி.எச். 5.5 முதல் 9 வரை இருக்கலாம். மீட்டரை முக்கினால் எண் வந்துவிடும், பிறகு எதுக்கு டைட்ரேஷன்?

ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பி.எச். சுமார் 2.4. முதலாவதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதை நடுநிலையாக்க 160 கிராம் காஸ்டிக் சோடா போதும். இரண்டாவதில் 1 மோலார் அசிட்டிக் அமிலம், கிட்டத்தட்ட வினிகர் மாதிரி. அதுக்கு 40 கிலோ வேணும். 250 மடங்கு வித்தியாசம், மீட்டரில் ஒரே எண்! வலிமை குறைந்த அமிலம் தன் ஹைட்ரஜன் அயனிகளில் சிறு பகுதியை மட்டுமே வெளியே விடும். பி.எச். காட்டுவது அந்தப் பகுதியை. மிச்சத்தையும் சேர்த்துக் கணக்கெடுப்பது டைட்ரேஷன். காஸ்டிக் குறைந்தாலும் கூடினாலும், அடுத்த கட்டத்தில் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியாவுக்குத்தான் ஆபத்து.

தப்பு எங்கே நடக்குது?

பெரும்பாலும் சொட்டு விழ ஆரம்பிப்பதற்கு முன்பே. காஸ்டிக் சோடா காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அதனால், எடைபோட்டுக் கரைத்து '0.1 மோலார்' என்று லேபிள் ஒட்டினால் அது நம்பிக்கை மட்டுமே. உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 0.5105 கிராம் எடுத்து டைட்ரேட் செய்யுங்கள். சரியாக 25 மில்லி லிட்டர் செலவானால்தான் அது 0.1 மோலார். 25.6 ஆனால் 0.0977 என்று லேபிளைத் திருத்துங்கள்.

பியூரெட்டை அதே காஸ்டிக் கரைசலால் கழுவ வேண்டும். கூம்புக் குடுவையை மாதிரி நீரால் கழுவவே கூடாது, ஒட்டி நிற்கும் துளிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் போதும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி சிக்கியிருக்கா? 20 மில்லியில் அரை மில்லி குமிழி என்றால் 2.5 சதவீதப் பிழை. நம்ம 40 கிலோ கணக்கில் அது ஒரு கிலோ. மேலே வைத்த புனலை எடுத்துவிடுங்கள் (இதை மறக்காத ஆளை நான் பார்த்ததில்லை). அளவைக் கண் மட்டத்தில், வளைவின் அடியில் படிக்க வேண்டும்.

நிறங்காட்டியும் முக்கியம். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால், பாதி அமிலம்கூட தீராமல் நிறம் மாறிவிடும். பினாப்தலீன் போடுங்கள். வெள்ளை ஓட்டின் மேல் குடுவையை வைத்து, கடைசியில் அரைச் சொட்டாக விடுங்கள். அரை நிமிஷம் நிற்கும் மெல்லிய ரோஸ்தான் முடிவு. கத்தரிப்பூ மாதிரி அடர்த்தியானால் தாண்டிட்டீங்க, மறுபடி முதலிலிருந்து. 0.1 மில்லிக்குள் ஒத்துப்போகும் இரண்டு அளவுகளாவது கிடைக்கணும்.

தண்ணீரே பிங்க்காக இருந்தால்?

சாயக் கழிவு வந்தால் பினாப்தலீனின் ரோஸ் எப்படித் தெரியும்? அப்போது நிறங்காட்டியை விட்டுவிட்டு, குடுவைக்குள் பி.எச். மீட்டரை இறக்குகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காஸ்டிக் விட்டு, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொண்டே போய், 8.3-ஐத் தொட்டதும் நிறுத்துகிறார்கள். பினாப்தலீன் நிறம் மாறத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். முன்னே ஏமாற்றிய அதே மீட்டர் இப்போது உதவுகிறது, ஏனென்றால் இந்தமுறை பக்கத்தில் பியூரெட் இருக்கிறது.